இடையில் ஒருவர் இல்லை

கிளைப்பெடா துறைமுகம். அதிகாலை மூன்று இருபது.
மென்பொருள் மேம்பாட்டை முடித்துவிட்டு
ஸ்கிர்மந்தே இந்நேரம் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.
ஏழாம் கிரேன்காரர் அழைக்கிறார்:
"கடவுச்சொல் கேட்கிறது, வாங்கிக்கொள்கிறது,
பிறகு வெள்ளைத் திரை.
கீழே கப்பல் நிற்கிறது, அம்மணி.
வாழைப்பழம். நான் காத்திருப்பேன், அது பழுத்துவிடும்."

பதிவேட்டில் அறுபது வரிக் கூச்சல்.
அதில் ஒரு வரிதான் பேச்சு:
செல்லத்தக்க சான்றிதழ்ப் பாதை கிடைக்கவில்லை.

ஒருமுறை பெயர் சொன்னால் போதும் என்று
துறைமுகம் முழுமைக்கும் கட்டிய ஒரே வாசல் அது.
கிடங்கு, எடைமேடை, சுங்கம், சம்பளம்
எல்லாம் அந்த வாசல் சொல்வதைக் கேட்டுத்தான்
ஆளை உள்ளே விடும்.
இன்றிரவு சரக்கு மென்பொருள்
வாசலையே பார்த்துக் கேட்கிறது:
நீ யார்?

வாசல் தன் சான்றிதழைக் காட்டுகிறது.
யார் கையெழுத்து?
துறைமுகத்தின் சொந்த முத்திரை,
நாமே அடித்துக்கொண்டது.
அவரை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லையே
என்கிறது மென்பொருள், மரியாதையாக,
அறுபது வரிகளில்.

உலாவியில் திறந்தாள். பூட்டுப் படம், ஒரு குறையும் இல்லை.
எனக்குத் தெரிகிறதே!
உனக்குத் தெரிந்தால் அதற்கும் தெரிய வேண்டுமா?
உலாவிக்கு ஒரு நம்பகப் பெட்டி,
ஜாவாவுக்கு வேறொன்று.
ஒரே கூரை, தனித்தனி அடுப்பு.

மூலச் சான்றிதழை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.
சேர்க்கப்பட்டது என்றது.
நிறுத்தி எழுப்பினாள்.
அதே வரி.

நாலு மணி. காப்பி இயந்திரம் வெந்நீரை மட்டும் துப்பியது.
மேம்பாடு பழைய ஜாவாவை அழிக்காமல்
பக்கத்திலேயே புதிதொன்றைக் குடிவைத்திருந்தது.
இவள் கடிதம் போட்டது காலி வீட்டுக்கு.

சரியான வீட்டில் மறுபடி போட்டாள்.
அதே வரி.

ஜீட்ரூனஸ் படுக்கையிலிருந்தே சொன்னான்:
"சரிபார்ப்பை அணைத்துவிடு. காலையில் பார்ப்போம்."
சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச்
சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள்.
இது அதுகூட இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
எதிரே வருகிற எந்தக் காலிலும் விழுவது.
ஆனால் வாழைப்பழம்.
அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.

சரிபார்ப்பு: இல்லை
என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். வெள்ளிக்கிழமை மாற்ற வேண்டும்.
கீழே பெயரின் முதலெழுத்துகள் இரண்டு.
அவளுடையவை.
அந்த வெள்ளிக்கிழமை போய்
இரண்டு வருடம் நாலு மாதம்.

புதிய பதிப்பு அந்த வரியைப் படிப்பதை விட்டுவிட்டது,
நடந்தது அவ்வளவுதான்.
இத்தனை நாளும் எவர் வந்து நின்று
நான்தான் வாசல் என்று சொல்லியிருந்தாலும்
கிரேன், கப்பல், சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும்
கையில் கொடுத்திருப்போம்.
யாரும் நின்றதாகத் தெரியவில்லை.
தெரியவில்லை என்ற சொல்லை
அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அணைத்தாயா?"
"அணைந்துதான் இருந்தது" என்றாள்.
யார் அணைத்தது என்று அவனும் கேட்கவில்லை.

பிறகு அவசரமில்லாமல்
சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தடவினாள்.
வாசல் நீட்டுவது ஒரு சான்றிதழ்,
ஒன்றே ஒன்று.
மூல முத்திரை பெட்டிக்குள் பத்திரம்.
இரண்டுக்கும் நடுவே கையெழுத்திட்ட
இடைநிலைக்காரரைக் காணோம்.
உலாவி எப்போதோ அவரைச் சந்தித்து
முகத்தை நினைவில் வைத்திருந்தது.
ஜாவாவுக்குப் பழைய ஞாபகங்கள் கிடையாது.
மேலே கொக்கி, கீழே கண்டெய்னர்,
நடுவில் வடம் இல்லை.

இரண்டு கோப்புகளையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினாள்.
நடுவே வரி முறிக்க மறந்து ஒருமுறை தவறியது.
அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஐந்து பத்து.
ஏழாம் கிரேனின் விளக்கு அசைந்து
நனைந்த தளத்தில் முதல் கண்டெய்னரை இறக்கியது.
நன்றி சொல்ல அவர் அழைக்கவில்லை,
அவருக்கு வேலை இருந்தது.

அறிக்கையில் காரணம் என்றொரு கட்டம்.
மேம்பாடு என்று எழுதினாள்.
அழித்தாள்.
தன் இரண்டு எழுத்துகளை இட்டாள், பழைய தேதியோடு.
அடுத்த கட்டம்: தீர்வு தற்காலிகமா, நிரந்தரமா?
சான்றிதழ் முடியும் நாளைப் பார்த்துவிட்டு
நிரந்தரம் என்று குறித்தாள்,
ஓராண்டு பதினொரு மாதம்.